சாத்திவிட்டுப் போன கதவு

தீ என்று சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் எதைத் தூக்குவார்கள் தெரியுமா? கதவை. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்களா என்று ஒரு குரல் கேட்கும். வந்துவிட்டார்கள் என்றால் அடுத்த வேலை கதவுதான். பெட்டி, பானை, சாமி படம் எல்லாம் அதற்கு அப்புறம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மரக்காணத்து உப்பளங்களை ஒட்டி ஒரு கீற்று வீட்டில் பிறந்து வளர்ந்திருந்தால் சிரிப்பு வராது. சுவர் மண், கூரை கீற்று, உள்ளே நாலு சட்டி பானை. கடற்காற்றில் பற்றினால் பத்து நிமிடம் தாங்காது. அந்த வீட்டில் தச்சன் கை பட்ட ஒரே பொருள் கதவு. அது தப்பினால் மறுவாரமே மண்ணைக் குழைத்து நாலு சுவர் எழுப்பி அதையே மாட்டிவிடலாம். அது போனால் வாசலில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்க வேண்டியதுதான்.

பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. மேலேயும் கீழேயும் ஒரு மரக் குடுமி இருக்கும். மேல் குடுமி நிலையில் உள்ள துளையிலும் கீழ்க் குடுமி வாசற்படிக் குழியிலும் உட்கார்ந்து சுழலும். பாதி திறந்து, அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேலே ஒரு தள்ளு, வெளியே ஒரு தள்ளு. கதவு கையோடு வந்துவிடும். தீயணைப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்த வித்தையில் நான் பெயர் வாங்கினேன். கதவைக் கழற்று, ஜன்னலைத் திற, கூரையைப் பிரி, புகை வெளியே போகட்டும் என்பதுதான் எங்கள் நிலையத்தின் பாடம். கழற்றிய கதவின்மேல் அடிபட்டவரைப் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவது அடுத்த பாடம். கீற்று வீட்டுக்கு அது சரியான பாடம்தான். நானே அப்படி நாலைந்து பேரைத் தூக்கி வந்திருக்கிறேன்.

இதை எழுதுவது பெருமைக்காக இல்லை. என் அக்கா புருஷனைக் கொன்றது இந்த வித்தை. அதை ஊருக்கு மைக் வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

மாமா உப்பு லாரிக்குச் சுமை ஏற்றுகிறவராக இருந்தார். தலையில் கூடையோடு பலகையில் ஏறும்போது வழுக்கி விழுந்து இடுப்பு போனது. அதற்கப்புறம் கால் இரண்டும் மரத்துவிட்டன. கட்டில்தான் அவருக்கு உலகம். வாய் மட்டும் போகவில்லை; அது முன்னைவிட அதிகமாகவே வேலை செய்தது. அக்கா விடியலுக்கு முன்பே அளத்துக்குப் போய் வெயில் ஏறும்வரை உப்பு வாரிவிட்டு வருவாள். பிள்ளை கிடையாது. அவளுக்கு இருந்தது கட்டிலில் கிடந்த அந்த மனுஷன் ஒருவன்தான்.

சுனாமி அன்று காலை கால்வாய் வழியாக ஏறிய தண்ணீர் அவர்கள் வீட்டைக் கரைத்துக்கொண்டு போனது. மாமாவைப் பக்கத்து வீட்டுக்காரர் முதுகில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினார். அவரும் லாரிக்கு உப்பு ஏற்றுகிறவர், மாமாவோடு சேர்ந்து வேலை பார்த்தவர். மலை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரி மனசு. தன் வீட்டில் ஒரு குண்டானைக்கூட எடுக்காமல் மாமாவை எடுத்துக்கொண்டு ஓடினார். மூன்று நாள் கழித்து அக்கா வீட்டுக் கதவு நிலையோடு சேர்ந்து ஒரு உப்புப் பாத்தி வரப்பில் செருகிக்கொண்டு நின்றது. வேப்பமரக் கதவு, மாமாவின் அப்பா செய்துவைத்தது. அதையும் அவரே தோளில் சுமந்துகொண்டு வந்து போட்டார்.

அடுத்த ஒரு வருஷம் தார் அட்டை போட்ட கொட்டகையில் கழிந்தது. வருகிறவர்கள் எல்லாம் எதையாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். ஸ்பான்ஜ் மெத்தை, பாலியஸ்டர் கம்பளி, நைலான் பாய், பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு குடும்பத்துக்கு மூன்று மெத்தை. உப்பு வாருகிறவளுக்கு எதற்கு மூன்று மெத்தை? யாரும் யோசிக்கவில்லை. அக்கா விற்கவும் மாட்டாள். "தர்மத்துக்குக் குடுத்தத விக்கக் கூடாது" என்று சுருட்டிக் கட்டி வைத்துவிட்டாள்.

அந்த 2005ஆம் வருஷத்தின் நடுவில்தான் எங்களில் சிலரை ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் எடுக்க ஒரு அம்மா வந்தார். முப்பது வயசு இருந்தால் அதிகம். தீயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவராம். என் பக்கத்தில் இருந்தவன் காதில் கிசுகிசுத்தான்: "நாம நெருப்புல நின்னு கத்துக்கிட்டத இந்தம்மா புக்குல படிச்சிட்டு வந்து சொல்லப்போவுதாம்."

அந்த அம்மா மேஜைமேல் டிவி அளவுக்கு ஒரு பெட்டியை வைத்தார். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே இரண்டு அறை, நடுவில் ஒரு சின்னக் கதவு, வெளியில் ஒரு கதவு. முன் அறையில் ஒரு துண்டு ஸ்பான்ஜ் வைத்தார். பின் அறைச் சுவரில் ஒரு வெற்றிலையைக் குண்டூசியால் குத்தினார். நடுக் கதவைச் சாத்திவிட்டு ஸ்பான்ஜைக் கொளுத்தினார். முன் அறை கறுத்துப்போனது. அணைத்துவிட்டுப் பின் அறையைத் திறந்து வெற்றிலையை எடுத்துக் காட்டினார். பச்சையாக இருந்தது. என் பக்கத்தில் இருந்தவன் எழுந்துபோய் அதை வாங்கி, வாயில் போட்டு மென்று, "சுண்ணாம்புதான் பாக்கி மேடம்" என்றான். அத்தனை பேரும் சிரித்தோம். அந்த அம்மாவும் சிரித்தார்.

இரண்டாவது வெற்றிலையைக் குத்தினார். இந்தத் தடவை நடுக் கதவை எடுத்துவிட்டார், வெளிக் கதவை மட்டும் சாத்தினார். தீ கொஞ்ச நேரம் எரிந்து, அப்புறம் சுருங்கி, கண்ணாடிக்குள் வெறும் புகை நின்றது. அணைந்துவிட்டது என்று நினைத்தேன். "இப்ப நீங்க வண்டியில வந்து இறங்கறீங்க. முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "கதவத் தொறப்போம்" என்று பத்து குரல் சொன்னது. அவர் வெளிக் கதவை மேலே தூக்கினார். ஒன்றும் ஆகவில்லை. நாலு மூச்சு விடுகிற நேரம் போயிருக்கும். பிறகு குப்பென்று பெட்டி முழுக்கத் தீ, கதவு வழியாக நாக்கை நீட்டிக்கொண்டு. முன்வரிசைக்காரர்கள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்கள். வெற்றிலை இருந்த இடத்தில் குண்டூசி மட்டும் இருந்தது.

"உங்க பழைய முறை தப்புன்னு நான் சொல்லல" என்றார் அந்த அம்மா. "கீத்து வீட்டுல கூரையே எரிஞ்சு சூட்டுக்கு மேல வழி விட்டுடும். காங்கிரீட் கூரை அப்படி இல்ல, மூடி போட்ட பானை. காத்து தீர்ந்தா தீ சுருண்டுக்கும். சாகாது. யாராவது கதவத் திறக்க மாட்டாங்களான்னு உக்காந்திருக்கும். உள்ள இருக்கிற சாமானும் மாறிப்போச்சு. கோரைப்பாய் எரியறது வேற, ஸ்பான்ஜ் எரியறது வேற. நிஜ வீடுகளையே கொளுத்தி அளந்து பாத்துத்தான் சொல்றோம். தண்ணி கையில வர்ற வரைக்கும் கதவத் திறக்காதீங்க. உள்ள ஆள் இருந்தா, அவருக்கும் தீக்கும் நடுவுல இருக்கிற கதவு எதுவா இருந்தாலும் சாத்தியே இருக்கட்டும்."

நோட்டில் அதை எழுதிக்கொண்டேன். எழுதும்போது இத்தனை வருஷம் எத்தனை கதவு கழற்றினேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நிலையத்துக்குத் திரும்பி வந்து அலுவலரிடம் சொன்னேன். கெட்ட மனுஷன் இல்லை. வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பிணம் எடுத்தவர். ஆனால் காகிதத்துக்குப் பயந்தவர். நான் பெட்டி, வெற்றிலை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "பொம்மை வூட்டக் கொளுத்திப் பாத்துட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறியா?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஏம்பா, நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். தீப்பிடிச்ச வூட்டுக் கதவ சாத்துங்கன்னு ஜனங்ககிட்ட சொல்லி, உள்ள எவனாவது செத்தான்னா? சாத்தச் சொன்னது யாருன்னு கேப்பான். மேல இருந்து சர்க்குலர் வரட்டும். அது வரைக்கும் மைக்ல ஒரு வார்த்த புதுசா பேசாத" என்றார். சரி ஐயா என்றேன். அந்தச் 'சரி ஐயா' இருக்கிறதே, அதை என் நாக்கில் சூடு போட்டாலும் அழிக்க முடியாது.

2006 பிறந்ததும் அக்காவுக்குப் புது வீடு கிடைத்தது. காங்கிரீட் கூரை, முன் அறை, உள் அறை. காலனியில் எல்லாம் ஒரே மாதிரி வீடு. வெளி வாசலுக்குத் தகரக் கதவு போட்டுக் கொடுத்தார்கள், உள் அறைக்குக் கதவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இங்கேயும் பக்கத்து வீடுதான். அந்த வேப்பமரக் கதவை நிலையோடு கொண்டுவந்து உள் அறை வாசலில் அவரே பூசிக் கொடுத்தார். உள் அறையில் கம்பி ஜன்னலை ஒட்டி மாமாவின் கட்டில். முன் அறையில் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே ஸ்பான்ஜ் மெத்தை மூன்றும், கம்பளியும், அவற்றின்மேல் பிளாஸ்டிக் நாற்காலிகளும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும்.

ஏப்ரலில் தீத்தொண்டு வாரம். கிராமம் கிராமமாகப் போய்ச் செய்து காட்ட வேண்டும். அந்த வருஷம் அலுவலர் அக்காவின் காலனியைத் தேர்ந்தெடுத்தார். "உன் ஜனந்தானே, நல்லா கூட்டம் வரும்" என்றார். வந்தது. மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

என்ன சொல்லப்போகிறோம் என்று ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டுத்தான் போயிருந்தேன். மைக்கைப் பிடித்ததும் வாய் தானாகப் பழைய பாட்டைப் பாடியது. தீ பிடித்தால் முதலில் கதவைக் கழற்றுங்கள், ஜன்னலைத் திறங்கள், புகை போகட்டும், கதவின்மேல் ஆளைப் படுக்கவைத்துத் தூக்குங்கள். செய்து காட்டக் குடுமி வைத்த கதவு வேண்டுமே? காலனியில் அக்கா வீட்டில்தான் இருந்தது. கூட்டம் வாசலில் எட்டிப் பார்க்க, உள் அறைக் கதவுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்தேன். பிள்ளைகள் "ஒண்ணு!", "ரெண்டு!" என்று கத்தினார்கள். கதவு வந்துவிட்டது.

அடிபட்டவராக நடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றேன். "நடிக்கிறதுக்கு இன்னாத்துக்கு ஆளு? நான்தான் நெஜமாவே கெடக்கிறேனே!" என்றார் மாமா. கதவைக் கட்டிலை ஒட்டிப் பிடித்து அவரை அதில் நகர்த்தினோம். பக்கத்து வீட்டுக்காரர் தலைமாட்டில் பிடித்துக்கொண்டார், இன்னும் மூன்று பேர் மற்ற மூலைகளில். காலனியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மாமா கையை உயர்த்தி எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே போனார். "மச்சான், என் கதவக் கழட்டி எனக்கே ஊர்வலம் வுடுறியா? இரு, பாக்கறேன். எலெக்சன்ல நிக்கப்போறேன்" என்றார். இடுப்பு போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் வந்து, தனக்கு ஒரு தடவை கடப்பாரையைக் கொடுக்கச் சொல்லி, மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி மூன்று தடவை பழகினார். "புடிபட்டுச்சி தம்பி. ரெண்டே தள்ளு" என்றார்.

சாயங்காலம் காக்கியைக் கழற்றிவிட்டு அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அக்கா, நீ அளத்துக்குப் போவசொல்ல இந்த உள் கதவ சாத்திட்டுப் போ" என்றேன்.

அக்கா செம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னாடா இது? காலையில மைக்ல கழட்டுன்ன, இப்ப வூட்டுல சாத்துன்ற?"

வெற்றிலைக் கதையைச் சொன்னேன். மாமா உள்ளே இருந்து, "அப்ப நான் வெத்தலைன்னு சொல்ற" என்றார். "வாடாம இருக்கணும்னா சாத்திக்கினு கெட மாமா" என்றேன். ஜன்னல் திறந்திருக்கிறது, காற்றுக்குக் குறைவில்லை, தீ என்று வந்தாலும் அந்தக் கதவு தாங்கும், அதற்குள் வண்டி வந்துவிடும், அதுவரை யாரும் திறக்கக் கூடாது என்று விளக்கினேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு தடவை கேட்டதை மறக்க மாட்டாள்.

"எனக்கு மட்டும் சொன்னா போதுமாடா? எதிர் வூட்டுல கைக்கொழந்த கீது" என்றாள்.

"ஆர்டர் வரட்டும்க்கா. வந்ததும் எல்லாருக்கும் சொல்லிடுறேன்."

ஆனி மாதத்தில் ஒரு காலை, ஒன்பது மணி இருக்கும். போன் வந்தது. காலனி பெயரைச் சொன்னதும் நான் எழுந்து நின்றேன். எந்த வீடு என்று அலுவலர் கேட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அங்கே போய்ச் சேர எங்களுக்கு இருபது நிமிடம். ரோடு நெடுக உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று நின்றன, அவற்றுக்கு மேலே கரும்புகை.

நடந்ததை எதிர்வீட்டுப் பெண் பிறகு சொன்னாள். ஸ்விட்ச் போர்டில் ஏதோ பொரிந்து மெத்தைமேல் விழுந்திருக்கிறது. வீடு பூட்டிக் கிடந்தது. மாமா கம்பி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். அந்தப் பெண் ஓடியபோது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "முன் ரூம்ல எதுவோ கருவுது. இங்க அவ்ளோவா பொக வரல. பதறாம வண்டிக்குப் போன் போடு தாயி" என்றாராம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கித் துண்டை நனைத்துக்கொண்டாராம். வாடவில்லை. என் மாமா அதுவரை வாடவே இல்லை.

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்துவிட்டார். அவரோடு இன்னொரு ஆள். தகரக் கதவின் பூட்டை உடைத்துத் திறந்தார்கள், முன் ஜன்னலையும் திறந்தார்கள். புகைதான் வந்தது, தீ பெரிதாக இல்லை. இரண்டு பேரும் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு குனிந்து உள்ளே போனார்கள். மாமாவைத் தூக்கிவரக் கதவு வேண்டுமே? சாத்தியிருந்த வேப்பமரக் கதவைத் திறந்து, அடியில் கடப்பாரையைக் கொடுத்தார்கள். ஒன்று. இரண்டு. கதவு கையில் வந்தது. அந்த நேரத்தில்தான் முதுகுக்குப் பின்னால் குப்பென்று மூன்று மெத்தையும் ஒன்றாகப் பிடித்தது. முன் அறை முழுக்கத் தீயாகி உள் அறைக்குள் பாய்ந்தது, அதைத் தடுக்க வாசலில் கதவு இல்லை. கண் தெரியாத புகையில், கையில் இருந்த கதவையே மறைப்பாகப் பிடித்துக்கொண்டு இருவரும் எப்படியோ வெளியே வந்து விழுந்தார்கள்.

வண்டி நின்றதும் நான் முதலில் பார்த்தது அந்தக் கதவைத்தான். அடிபம்பின்மேல் சாய்ந்து நின்றது. ஒரு பக்கம் கறுத்திருந்தது, மறுபக்கம் அக்கா பொங்கலுக்கு வைத்த மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தன. கதவைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தண்ணீர் அடித்தோம். ஐந்தே நிமிடத்தில் அணைத்தோம். ஐந்து நிமிடம்! அந்தக் கதவு சாத்தியிருந்தால் எங்களுக்காக இருபது நிமிடம் காத்திருக்காதா? மாமாவை நான்தான் வெளியே எடுத்துவந்தேன். அதை எழுத மாட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மண்ணில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை தோல் உரிந்து தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல், "தம்பி, நீ காட்னாப்பலயே செஞ்சேன் தம்பி. ரெண்டே தள்ளுல கழட்டிட்டேன். இன்னும் கொஞ்சம் வெரசா வந்திருக்கணும். நாந்தான் லேட் பண்ணிட்டேன்" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்.

இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீ லேட்டாக வரவில்லையய்யா, நீ வராமலே இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று எப்படிச் சொல்வது? தண்ணீரில் இருந்து ஒரு தடவை முதுகில் தூக்கிக் காப்பாற்றியவரிடம் அதை எந்த வாயால் சொல்வது?

அக்கா அளத்திலிருந்து ஓடிவந்தாள். கணுக்கால் வரை உப்பு பூத்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"சாத்திட்டுத்தான்டா போனேன்" என்றாள். "நீ சொன்ன நாள்லேருந்து ஒரு நாள்கூட மறக்கல. சாத்திட்டுத்தான் போனேன்."

மின்கசிவு என்று ரிப்போர்ட் போனது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அலுவலர் காரியத்துக்கு வந்து என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, ஆனால் அந்தக் கோபம் நிற்கவில்லை. மைக்கைப் பிடித்திருந்தது அவரா? அவர் என் வாயைப் பொத்தியா வைத்திருந்தார்? வேலை போகுமா? போகாது. மிஞ்சிப் போனால் ஒரு மெமோ கொடுத்திருப்பார். அந்த ஒரு காகிதத்துக்குப் பயந்து, காலையில் ஊருக்கு ஒன்று, சாயங்காலம் உடன்பிறந்தவளுக்கு ஒன்று என்று பேசினவன் நான். என் வீட்டு ஜனத்துக்கு மட்டும் பத்திரமாகச் சொல்லிவிட்டேன் என்று அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறேன். தீ வந்தால் ஓடிவருவது ஊர்தான் என்பது எனக்குத் தெரியாதா? உப்பளத்தில் பிறந்தவனுக்கு அதுகூடவா தெரியாது!

வீட்டுக்கு வெள்ளையடித்து அக்கா அங்கேயே இருந்தாள். என்னோடு வா என்றால் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கை ஆறியதும், கறுத்த பக்கத்தைச் சீவிவிட்டு, அதே கதவை அதே வாசலில் மாட்டிக் கொடுத்தார். அவர் இரண்டு விரல் மடங்காது. அக்கா அளத்துக்குப் போகும்போது உள் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போகிறாள் என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். உள்ளே வெறும் கட்டில்தான்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் சர்க்குலர் வந்தது. இரண்டே பக்கம். அந்த அம்மா பெட்டியில் காட்டியது அத்தனையும் அதில் இருந்தது, வெற்றிலையைத் தவிர. அலுவலர் அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "காலனிக்குப் போவணும். வேற ஆள அனுப்பட்டுமா?" என்று கேட்டார். நானே போகிறேன் என்றேன்.

டிசம்பர் மாதம், காலை வேளை. அதே இடத்தில் அதே கூட்டம். முன்வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். அக்கா பின்னால் அடிபம்புக்குப் பக்கத்தில் குடத்தோடு நின்றாள். மைக்கைப் பிடித்தேன். சர்க்குலரில் இருப்பதைப் படித்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு புத்தி சொன்னது. இந்த ஒரு காலனியில் மட்டும் இதைச் சொல்லாமல் விட்டுவிடு, அந்த மனுஷனாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று இன்னொரு புத்தி சொன்னது. எதிர்வீட்டுப் பெண் இடுப்பில் அந்தக் குழந்தை இருந்தது. சொன்னேன். காங்கிரீட் வீட்டில் தீ பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள், கழற்றாதீர்கள். உள் அறையில் ஆள் இருந்து நடுக் கதவு சாத்தியிருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். ஜன்னல் பக்கம் நின்று பேச்சுக் கொடுங்கள். வண்டி வரட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்த்தேன். மடங்காத விரல்களோடு கையை மெதுவாகத் தூக்கினார்.

"தம்பி, அப்பிடின்னா... அன்னிக்கி அந்தக் கதவ நாங்க கழட்டாம வுட்டிருந்தா..."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மலை மாதிரி உடம்பு குலுங்கியது. "நானா? நானா அவன..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். என்னைக் கடந்துபோய் அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, உரிந்து தழும்பேறிய அந்தக் கையைப் பிடித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நீ ஏண்ணா அழுவுற? நீ இவன் மைக்ல சொன்னதத்தானே செஞ்ச" என்றாள். "வூட்டுல சொன்னது எனக்கு மட்டுந்தானே தெரியும்."